நர்சிங் சீட் வாங்குவது எப்படி? திருவண்ணாமலைக் குடும்பங்களுக்கு ஒரு கையேடு

பிளஸ் டூ முடித்த பிறகுதான் நர்சிங் படிப்பைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று பல பெற்றோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்திலேயே காரியத்தைக் கெடுத்துவிட முடியும்.

பிளஸ் ஒன் சேர்க்கைக்குப் போய் நிற்கும்போது, “எந்த குரூப்மா?” என்று ஆசிரியர் கேட்பார். பாப்பா வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண் எடுத்த குரூப்பையே சொல்லிவிடுங்கள். கணக்கும் கம்ப்யூட்டரும் உள்ள குரூப்பாக இருந்தால் உத்தமம். உயிரியல் படிக்காதவர்களை பி.எஸ்சி. நர்சிங் விண்ணப்பம் உள்ளேயே விடாது. ஆனால் அது இரண்டு வருஷம் கழித்து வரப்போகிற கவலை. சில அரசு மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்பிரிவில் செவிலியமே ஒரு பாடமாக இருக்கிறதே என்று யாராவது இழுத்தால், “நல்லா படிக்கிற புள்ளய எதுக்கு வொகேஷனல்ல தள்ளணும்?” என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிடுங்கள்.

கையோடு இன்னொன்றையும் முடித்துவிடலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணை, கடன் வாங்கியாவது தனியார் பள்ளிக்கு மாற்றுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 முதல் நடக்கிறது. நாலு வருஷப் படிப்புக்குக் கணக்குப் போட்டால் சொற்பத் தொகை இல்லை. அதை வேண்டாம் என்று ஒதுக்க இதைவிடக் கௌரவமான வழி கிடையாது.

டாக்டர் பாப்பா

தப்பித்தவறி பாப்பா உயிரியல் குரூப்பில் சேர்ந்துவிட்டாலும் மனம் தளர வேண்டாம். இனி இரண்டு வருஷத்துக்கு வீட்டில் நர்சிங் என்ற பேச்சே எழக் கூடாது. தேரடி வீதியில் யார் எதிர்ப்பட்டுக் கேட்டாலும் “டாக்டருக்குப் படிக்கிறா” என்பதே பதில். பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, நீட் வினா வங்கிகளைக் கட்டுக்கட்டாக வாங்கி அடுக்குங்கள். தமிழ்நாட்டில் அரசு நடத்தும் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கைக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே ரேங்க் போடுகிறார்கள் என்பதை மட்டும் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள். நீட் மதிப்பெண் பார்ப்பவர்கள் புதுச்சேரி ஜிப்மரும் ராணுவ நர்சிங் சேவையும். எய்ம்ஸுக்குத் தனி நுழைவுத் தேர்வு. எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேலூர் சி.எம்.சி.க்குத் தனி விண்ணப்பம், தனித் தேர்வுமுறை. மூன்று வருஷ டிப்ளமாவான ஜி.என்.எம்.முக்கு வேறொரு விண்ணப்பம். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டிவைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆகவே ஒட்டக் கூடாது.

நீட் ரிசல்ட் வந்து வீடு இழவு வீடு ஆனதும், பெண்ணின் காதில் விழும்படி சொல்ல வேண்டிய வசனம் ஒன்று உண்டு: “சரி போ, டாக்டர்தான் கிடைக்கல, நர்சாவது ஆவட்டும்.” இந்த ‘ஆவது’வைச் சற்று அழுத்திச் சொல்லவும். நாலு வருஷம் அது அவள் கூடவே ஹாஸ்டலுக்குப் போகும்.

நம் பக்கத்து ஊரான வேலூரின் கதையை இந்த இடத்தில் யாராவது மாமா எடுப்பார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து தங்கள் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டதையும், ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பியதில் மூன்று தாய்மார்களும் இறந்துபோனதையும், அதைக் கண்ட ஐடா ஸ்கடர் அமெரிக்கா போய் டாக்டராகித் திரும்பி வந்து சி.எம்.சி.யைக் கட்டியதையும் கண் கலங்கச் சொல்வார். அப்படியே நிறுத்திக்கொள்ளும்படி அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அம்மாள் வேலூரில் நர்ஸ்களுக்கான பள்ளியை ஆரம்பித்தது 1909-ல். டாக்டர்களுக்கான பள்ளியை ஆரம்பித்தது 1918-ல். நடுவில் ஒன்பது வருஷம். எது முதலில் வேண்டியிருந்தது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. 1946-ல் அங்கே நர்சிங்குக்குப் பட்டப்படிப்பே வந்துவிட்டது. டாக்டருக்கு ஒரு சட்டம், ஒரு கவுன்சில் என்றால், நர்சுக்கும் இந்த மாகாணத்தில் 1926-லிருந்து தனிச் சட்டமும் தனிக் கவுன்சிலும் உண்டு. இதையெல்லாம் சொன்னால் ‘ஆவது’வின் அழுத்தம் குறைந்துவிடும்.

“நம்ம ஊர்லயே கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் இருக்கே, அதுலயே பி.எஸ்சி. போட்டுடலாமே” என்றும் ஒரு யோசனை வரும். 2023 மத்திய பட்ஜெட்டில், 2014-க்குப் பிறகு வந்த மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி 157 நர்சிங் கல்லூரிகள் தொடங்குவதாக அறிவித்தார்கள். திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரி 2013-லேயே வந்துவிட்டது. பந்திக்கு முந்தியும் இலை கிடைக்காத கதை.

சான்றிதழ் வலம்

மலையைச் சுற்ற 14 கிலோமீட்டர். சான்றிதழைச் சுற்ற எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை.

நம் ஊரில் பெண்ணுக்கு அம்மன் பெயரை வைப்பது வழக்கம். உண்ணாமலை என்று வைத்திருந்தால் உங்களுக்கு யோகம்தான். பள்ளிக்கூடத்து டி.சி.யில் உண்ணாமலை. ஆதாரில் உண்ணாமுலை. ரேஷன் கார்டில் எவரோ அவசரத்தில் தட்டிய உன்னாமலை. ஆங்கிலத்தில் இந்த மூன்றும் ஒன்பது ஆகும். அப்பா பெயர் அண்ணாமலை என்றால் மதிப்பெண் சான்றிதழில் அவர் ஓர் இனிஷியலாக முன்னால் நிற்பார், ஆதாரில் முழு உருவத்தோடு பின்னால் நிற்பார். கவுன்சலிங் விண்ணப்பத்துக்கு இவர்கள் எல்லாரும் தனித்தனி ஆட்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து இதைச் சரிசெய்யலாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறிய பெயரை மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று அனுபவித்தால்தான் தெரியும் என்பதால், அப்போது விட்டுவிடவும்.

சாதிச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. வருமானச் சான்றிதழ் ஒரு வருஷம்தான் செல்லும். எனவே முதலாவதை ஒத்திப்போட்டு, இரண்டாவதைப் பாப்பா பிளஸ் ஒன் சேரும்போதே வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரப்படுத்துங்கள். எடுத்துப் பார்க்கும்போது கசங்காமல் இருக்கும். செல்லாமலும் இருக்கும்.

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் தனி நாடகம். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். விசாரிக்க வருகிறவரை ஹாலில் உட்காரவைத்துக் காபி கொடுப்பீர்கள். அவர் தலைக்கு மேலே, மாலை போட்ட தாத்தா படத்துக்குப் பக்கத்தில், கறுப்பு அங்கியும் தொப்பியுமாக அண்ணனின் பட்டமளிப்பு விழா போட்டோ சிரித்துக்கொண்டிருக்கும்.

செங்கம், தண்டராம்பட்டுப் பக்கத்துக் குடும்பங்கள் பல, கட்டட வேலைக்கு பெங்களூரு போய் வந்தவை. பிள்ளை நடுவில் ஓரிரு வகுப்பு அங்கே படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழும் தேவைப்படும். அந்தப் பிள்ளைகளை நான் கேலி செய்ய மாட்டேன். அவர்கள் பையில் இருக்கும் காகிதக் கட்டைப் பார்த்தால் கேலி வராது.

இ-சேவை மையத்தில் ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய். கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று தானாக நகரும். இப்படி அது தானாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க நம் மனசு ஒப்பாது. மனு போட்ட மறுநாளே பைக்கில் அப்பா, பின்னால் சித்தப்பா என்று கிராமம் கிராமமாக வி.ஏ.ஓ.வைத் தேடிப் போக வேண்டும். இதற்குச் சித்ரா பௌர்ணமியையும் அதற்கு முந்தின நாளையும் தேர்ந்தெடுப்பது நல்லது. ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். உள்ளே ஆட்டோ வராது. வருவாய்த் துறையில் பாதிப் பேர் திருவிழாப் பணியில் இருப்பார்கள். போன கையோடு மலையைச் சுற்றிவிட்டும் வரலாம். வழியிலிருக்கும் இடுக்குப் பிள்ளையார் கோயிலின் குறுகலான இடுக்கில் நுழைந்து வெளியே வந்தவர்களுக்கு ஆன்லைன் விண்ணப்பத்தில் போட்டோவைச் சொன்ன அளவுக்குச் சுருக்குவது பெரிய கஷ்டமாகத் தெரியாது என்கிறார்கள்.

மாடியில் ஒரு கல்லூரி

இந்தக் கையேட்டின் முக்கியமான பகுதி இதுதான். பொறுமையாகப் படிக்கவும்.

பிளஸ் டூ கடைசித் தேர்வு அன்று பள்ளி வாசலில் கலர் நோட்டீஸோடு ஓர் அண்ணன் நிற்பார். நன்றாகப் பேசுவார். “பத்தாவது பாஸோ ஃபெயிலோ, கவலையே வேணாம்மா. நூறு சதவீதம் வேலை கேரண்டி. ஹாஸ்டல் ஃப்ரீ, யூனிஃபார்ம் ஃப்ரீ.” அவர் காட்டும் இடம் ஜவுளிக்கடைக்கோ செல்போன் கடைக்கோ மேலே மாடியில் இருக்கும். வரவேற்பறையில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்று. ஒரு விலா எலும்பில் டேப் சுற்றியிருக்கும். சுவரில் கையில் விளக்கோடு ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். வெள்ளைக் கோட் போட்ட மேடம் வந்து “இது டிப்ளமா இன் நர்சிங்” என்பார். ஒரு வருஷம் என்பார், சில இடங்களில் ஆறு மாசம் என்பார். அரசு அங்கீகாரம் உண்டா என்று யாராவது கேட்டால் ஒரு சட்டம் போட்ட சான்றிதழைக் காட்டுவார். அதில் சிங்க முத்திரை இருக்கும். சிங்கம் இருக்கிறதே, பிறகென்ன.

இங்கே நீங்கள் கேட்கவே கூடாத கேள்விகள் மூன்று. “இந்தியன் நர்சிங் கவுன்சில் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா? படித்து முடித்தால் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் கிடைக்குமா? புதுமைப் பெண் பணம் வருமா?” மூன்றாவது கேள்விக்குத்தான் மேடத்தின் முகம் முதலில் மாறும். பதிவு எண் இல்லாதவர் சட்டப்படி நர்ஸ் இல்லை. ஏ.என்.எம். இரண்டு வருஷம், ஜி.என்.எம். மூன்று வருஷம், பி.எஸ்சி. நாலு வருஷம் என்று படிகள் இருக்கின்றன. ஆறு மாசத்தில் நர்ஸ் ஆக்கும் படி எதுவும் கட்டப்படவில்லை. அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியல் கவுன்சிலின் இணையதளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. போனில் ஐந்து நிமிஷ வேலை. ஐந்து நிமிஷத்தை இப்படி வீணடிக்காமல் நேராகப் பணத்தைக் கட்டுங்கள்.

கட்டும்போது டி.சி.யையும் அசல் மதிப்பெண் சான்றிதழையும் அன்றைக்கே ஒப்படைத்துவிட வேண்டும். ஜெராக்ஸ் எடுத்து வைக்கக் கூடாது. ரசீதும் கேட்கக் கூடாது. நம்பிக்கை இல்லாதவர்கள் என்று நினைத்துவிடுவார்கள். இரண்டு மாசத்தில் பாப்பா விஷயம் தெரிந்து அழுதுகொண்டே வெளியே வரும்போது, “முழு கோர்ஸுக்கும் ஃபீஸ் கட்டிட்டு ஒரிஜினல வாங்கிக்குங்க” என்று அதே மேடம் அதே சிரிப்போடு சொல்வார். அந்த வருஷத்துக் கவுன்சலிங் அதற்குள் முடிந்திருக்கும். இப்படிச் சிக்கிய பெண்களில் பலர் ஏதோ ஒரு சிறு கிளினிக்கில் பத்து மணி நேரம் நின்று ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேலை நர்ஸ் வேலை. சம்பளம் ஜவுளிக்கடைச் சம்பளம். தப்பு நடந்தால் மட்டும் “இவ நர்ஸே இல்ல சார்” என்று சொல்ல முதலாளிக்கு வசதி. இதை எழுதும்போது கேலித் தொனியைப் பிடித்துவைக்கச் சிரமமாக இருக்கிறது.

வேலை நிச்சயம் என்ற பேச்சும் அப்படித்தான். “படிச்சு முடிச்சா கவர்மென்ட் வேலை கன்ஃபார்ம்” என்று அடித்துச் சொல்லும் பெரியப்பாவிடம், 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த நர்ஸ்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்ததையும், பணி நிரந்தரம் கேட்டு 2017-ல் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்ததையும் சொல்லாதீர்கள். “ஜெர்மனில லட்சக்கணக்குல தராங்களாம்” என்னும் அத்தையிடம், ஜெர்மன் மொழியில் பி2 நிலை தேற வேண்டும் என்பதைச் சொல்லாதீர்கள். பாப்பாவுக்கு இப்போதைக்கு முதல் பருவத்து ஆங்கிலமே போதும் போதும் என்றிருக்கும். தமிழ் வழியில் படித்தவள் சிறுநீரகம் என்று அறிந்திருந்த உறுப்பை முதல் வாரத்திலேயே வேறு பெயரில் பார்த்துத் திகைப்பாள். பிளஸ் டூ விடுமுறையில் உயிரியல் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துப் புரட்டினால் அந்தத் திகைப்பு பாதியாகும். விடுமுறை அதற்காகவா விட்டிருக்கிறார்கள்?

பையன்களுக்கும் பி.எஸ்சி. நர்சிங்கில் இடம் உண்டு. தெருவில் சிரிப்பார்கள். ஐ.சி.யூ.வில் படுத்திருக்கும் 90 கிலோ தாத்தாவைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் தேடும்போது சிரிக்க மாட்டார்கள்.

எக்காரணம் கொண்டும் வேலையைக் காட்டாதீர்கள்

குரூப், சான்றிதழ், சீட் என்று மூன்று வருஷம் ஓடுகிற குடும்பம், நர்ஸ் என்ன செய்கிறார் என்று பெண்ணுக்கு ஒருமுறைகூடக் காட்டுவதில்லை. நல்ல மரபு. காப்பாற்ற வேண்டும். பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் போடும் மருத்துவ முகாம் பக்கம் பாப்பா போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனால் இப்படி ஏதாவது பார்க்க நேரிடும். ஆந்திராவிலிருந்து வந்த பெரியவர் ஒருவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வருவார்கள். சட்டை தெப்பமாக நனைந்திருக்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். கூட்டத்தில் ஒருத்தர் “குடிச்சிருக்கான்” என்பார், இன்னொருத்தர் “சாமி வந்திருக்கு” என்பார். நர்ஸ் இரண்டையும் காதில் வாங்காமல் அவரை உட்காரவைத்து, “ஷுகர் உந்தா?” என்று தனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்பார். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துவார். அங்கே வலி குறைவு. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டைப் பட்டையில் தொடுவார். மீட்டரில் 58 என்று வரும். காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, விரதம் என்று சாப்பிடாமல் வெறுங்காலில் பத்து கிலோமீட்டர் நடந்திருக்கிறார். குளுக்கோஸைக் கரைத்து, புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்ப்பார். பெரியவர் தெளிந்து எழுந்து மிச்ச தூரத்தை நடக்கப் பார்க்கும்போது, கையைப் பிடித்து உட்காரவைத்து இட்லி கொடுத்துத் திட்டுவார். திட்டுவது தமிழில்.

இன்சுலின் பாடத்தை மனப்பாடம் செய்த பெண் இதைப் பார்த்தால், அடுத்த நாள் அந்தப் பாடத்தைத் தானாக எடுத்துப் படித்துவிடும் அபாயம் இருக்கிறது. ரத்தம் பார்த்தால் தனக்குத் தலை சுற்றுகிறதா, தெரியாத மனிதரின் வியர்வையும் வாந்தியும் தன்னால் தாங்க முடிகிறதா என்று அவளே தெரிந்துகொள்வாள். முடியாது என்று தெரிந்தால் வேறு படிப்புக்குப் போவாள். முடியும் என்று தெரிந்தால் ‘ஆவது’வை எடுத்துவிட்டு நர்சிங் என்றே விண்ணப்பத்தில் போடுவாள். இரண்டுமே குடும்பத்தின் திட்டத்தில் இல்லாதவை.

கடைசிக் கட்டம்

கீழ்ப்பாக்கத்திலிருக்கும் தேர்வுக்குழு ரேங்க் பட்டியல் வெளியிட்டதும் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்ய வேண்டும். அரசுக் கல்லூரி இடங்கள் கொஞ்சம். போட்டி அதிகம். போன வருஷம் எந்த ரேங்குக்கு எந்தக் கல்லூரி கிடைத்தது என்று பார்த்து வரிசைப்படுத்தும் சோம்பேறிகள் உண்டு. நீங்கள் பேருந்து வசதியைப் பார்த்துப் போடுங்கள். பெரியப்பா “சென்னை வேணாம், காலம் கெட்டுக் கெடக்குது” என்பார். அவர் சொன்னால் சென்னையை எடுத்துவிடுங்கள். பாப்பாவைக் கேட்காதீர்கள். பக்கத்திலேயே இருந்தாலும் கேட்காதீர்கள்.

இதையெல்லாம் வீட்டிலிருந்து செய்யாமல் பிரவுசிங் சென்டருக்குப் போய், பாஸ்வேர்டை அங்கே இருக்கும் தம்பியிடமே சொல்லி, அவர் மானிட்டரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டில் எழுதவைத்துவிடுங்கள். பதிவு செய்யும்போது யாருடைய செல்போன் எண்ணைக் கொடுப்பது என்ற கேள்வி வரும். பாப்பாவிடம் போன் இருக்கும், ஆனால் பொம்பளப் பிள்ளை நம்பரை வெளியே கொடுப்பதா? விவரம் தெரிந்த தாய்மாமா எண்ணைக் கொடுங்கள். ஒதுக்கீட்டை ஏற்றுக்கொள்ளக் கடைசி நாள் பௌர்ணமியாக அமைந்தால் நல்லது. மாலை நாலரை மணிக்குத் தம்பி ஓ.டி.பி. கேட்பார். ஐந்து மணிக்கு இணையதளம் மூடும். மருமகளுக்கு நல்ல சீட் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, போனை அணைத்து வேட்டியில் முடிந்துகொண்டு, மாமா அப்போது கிரிவலப் பாதையில் குபேர லிங்கம் பக்கம் நடந்துகொண்டிருப்பார்.